சுக்னா ஏரியும் சுகோமாஜ்ரி கிராமமும்

சூழ்நிலை மண்டலம் என்றால் என்னவென்று மாணவர்களுக்கு விளக்கும் நூல்கள் பெரும்பாலும் ஒரு படத்துடன் தொடங்குகின்றன. சூரியன், அதன் ஒளியில் வளரும் புல், புல்லை மேயும் மான், மானைக் கொல்லும் புலி, இறந்தவற்றை மண்ணாக்கும் நுண்ணுயிர்கள் என ஒவ்வொன்றும் அம்புக்குறியால் மற்றொன்றுடன் இணைக்கப்பட்டிருக்கும். மனிதன் அப்படத்தில் இருப்பதில்லை. இருந்தால் ஓர் ஓரத்தில் கோடரியுடன் நிற்பான். மனிதனின் செயல்களால் இயற்கையின் சமநிலை குலைகிறது என்னும் வாக்கியம் அடுத்த பக்கத்தில் வரும். அவ்வாக்கியம் பொய்யன்று. ஆனால் எந்த மனிதன், என்ன நெருக்கடியில், எதை நாடி அச்செயலைச் செய்தான் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. இக்கேள்விக்கு விடை காணாமல் தீட்டப்பட்ட மண் பாதுகாப்புத் திட்டங்கள் பல, நட்ட கன்றுகளைக் கால்நடைகள் மேய்ந்துவிட்டன என்ற குறிப்புடன் கோப்பில் முடிந்திருக்கின்றன.

இக்கேள்வியைத் தவிர்க்க முடியாதபடி எழுப்பிய இடங்களுள் ஒன்று, ஹரியானா மாநிலத்தில் சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த சுகோமாஜ்ரி என்னும் சிற்றூராகும். அவ்வூரைப் பற்றிப் பேசுவதற்கு முன், அதற்குக் கீழே ஒரு நகரத்தில் உள்ள ஏரியைப் பற்றிப் பேசவேண்டும். ஏனெனில் அதிகாரிகளின் கவனம் ஏரியிலிருந்தே கிராமத்திற்குச் சென்றது.

ஏரி தூர்ந்த விதம்

சண்டிகர் நகரம் திட்டமிட்டு எழுப்பப்பட்டபோது, அதன் வடகிழக்கு எல்லையில் சுக்னா என்னும் பருவகால ஓடையின் குறுக்கே அணையிட்டு 1958ஆம் ஆண்டில் ஏரி ஒன்று அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர். நகர மக்கள் காலையில் உலாவவும், மாலையில் படகோட்டவும், குளிர்காலத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுப் பறவைகளைக் காணவும் உகந்த இடமாக அது விளங்கியது. எனினும் ஏரி பிறந்த நாளிலிருந்தே தூரத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பருவமழையிலும் செம்பழுப்பு நிறச் சேற்று நீர் பாய்ந்து வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியில் ஏரியின் கொள்ளளவில் ஏறக்குறைய 60 விழுக்காடு வண்டலால் நிரம்பிவிட்டதெனக் கணக்கிடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் நிறைவதற்குள் ஏரி பாதிக்கு மேல் நிலமாகிவிட்டது.

இவ்வளவு மண் எவ்வாறு வந்து சேர முடியும் என்று வியப்பவர்களுக்கு எளிய கணக்கு ஒன்றைக் கூறலாம். ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 42 சதுர கிலோமீட்டர், அதாவது 4,200 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மண் அகன்றால் அது 10 கன மீட்டர் மண்ணாகும். நீர்ப்பிடிப்பு முழுவதிலும் அந்த அளவு மண் அகன்று ஏரிக்குள் வந்து படிந்தால் அது 42,000 கன மீட்டர். முந்நூறு ஹெக்டேர் பரப்புள்ள ஏரியின் அடித்தளம் இதனால் 14 மில்லிமீட்டர் உயரும். மலையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் தேய்வது ஏரியில் விரற்கடை அளவுக்கு மேடாகிறது. சிவாலிக் மலையிலோ தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இல்லை; ஓடைப்பள்ளங்கள் ஆண்டுதோறும் கஜக் கணக்கில் நிலத்தைத் தின்று முன்னேறிக்கொண்டிருந்தன.

சிவாலிக் குன்றுகள் இமயத்தின் முன்வாசலில் உள்ளவை. புவியியல் கணக்கில் இளமையானவை. இறுகாத மணற்கல், களிமண், உருண்டைக் கற்கள் ஆகியவற்றின் அடுக்குகளால் ஆனவை. அப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஐம்பது மில்லிமீட்டர் பெய்யும் ஒரே மழையில் ஒவ்வொரு ஹெக்டேர் நிலத்திலும் ஐந்து இலட்சம் லிட்டர் நீர் விழுகிறது. நிலத்தின் மேல் புல்லும் சருகும் இருந்தால் மழைத்துளியின் அடியை அவை தாங்கிக்கொள்கின்றன. வேர்கள் திறந்துவைத்த துளைகளின் வழியே நீர் உள்ளே இறங்குகிறது. எஞ்சியது தடைபட்டுத் தடைபட்டு மெல்ல வழிகிறது. மூடுவன எதுவும் இல்லாத நிலத்தில் துளி நேராக மண்ணைத் தாக்கி நுண்துகள்களைத் தெறிக்கச் செய்கிறது. அத்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுவதால் நீர் உள்ளே இறங்க வழியின்றிச் சரிவில் விரைகிறது. ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய விதி. மலை மொட்டையாவதற்கும் ஆற்றில் பாறை உருள்வதற்கும் உள்ள தொடர்பை இவ்விதி ஒன்றே விளக்கிவிடும்.

ஏரியைக் காப்பதற்கு நகர நிர்வாகம் வழக்கமான வழிகளை நாடியது. நீர்ப்பிடிப்பில் சுமார் 25 சதுர கிலோமீட்டர் நிலம் கையகப்படுத்தப்பட்டு மரங்கள் நடப்பட்டன. 1974இல் ஓடையின் நேர்வரத்துத் திருப்பிவிடப்பட்டு, வண்டல் படியும் தொட்டிகளின் வழியே ஏரிக்கு நீர் விடப்பட்டது. தூர்வாரும் பணிக்கும் செலவு செய்யப்பட்டது. இவை யாவும் நோயின் வாயிலில் நின்று செய்த வைத்தியங்களாகும்.

மலை மொட்டையான காரணம்

சேற்றின் மூலத்தைத் தேடும் பொறுப்பு மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனத்தின் சண்டிகர் மையத்திடம் வந்தது. அதன் தலைமையில் இருந்தவர் பி. ஆர். மிஸ்ரா. ஓடைகளின் வழியே மேல்நோக்கிச் சென்று ஆராய்ந்தபோது, வண்டலின் மிகப்பெரும் பங்கு நீர்ப்பிடிப்பின் ஒரு சிறு பகுதியிலிருந்தே வருவது தெரிந்தது. அப்பகுதியில் இருந்த ஊர்களுள் ஒன்று சுகோமாஜ்ரி. குஜ்ஜர் சமூகத்தினர் வாழும் ஊர் அது. கால்நடை வளர்ப்பே அவர்களுக்குப் பரம்பரைத் தொழில்.

ஊரைச் சூழ்ந்த குன்றுகள் வனத்துறைக்கு உரியவை. சட்டப்படி அங்கே மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அச்சட்டமும் புதியதன்று. 'சோ' என்று வழங்கும் சிவாலிக் காட்டாறுகள் ஹோஷியார்ப்பூர்ப் பகுதியின் விளைநிலங்களை மணலால் மூடி வந்ததைக் கண்ட அன்றைய ஆட்சியினர், 1900ஆம் ஆண்டிலேயே பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, மரம் வெட்டுவதையும் மேய்ச்சலையும் தடுக்க அதிகாரம் பெற்றிருந்தனர். முக்கால் நூற்றாண்டு கழிந்தும் சுகோமாஜ்ரியின் மேலிருந்த குன்று மொட்டையாகவே நின்றது. சுற்றுச்சூழல் சட்டங்களை மட்டும் நம்புவோர் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

குன்றை மொட்டையாக்கியது ஆடு என்று கூறிவிடுவது எளிது. ஆடு தளிரைக் கடிக்கும், முளைக்கும் கன்றைத் தலையெடுக்க விடாது, இது உண்மையே. ஆனால் சுகோமாஜ்ரியின் குடும்பம் ஒன்று ஏன் ஆட்டை நம்பியிருந்தது என்று பார்க்கவேண்டும். ஊரின் வயல்கள் வானம் பார்த்தவை. மழை ஒழுங்காகப் பெய்தால் மக்காச்சோளமும் கோதுமையும் ஓரளவு விளையும். பெய்யாவிட்டால் விதை முதலும் போய்விடும். அத்தகைய ஊரில் ஆடு என்பது சேமிப்புக் கணக்கைப் போன்றது. அதை வாங்கப் பெருமுதல் வேண்டியதில்லை. தீவனம் வாங்க வேண்டியதில்லை, மலை இருக்கிறது. நெருக்கடி வந்தால் ஒன்றை விற்றுவிடலாம். நிலமற்றவனுக்கும் அரைகுறை நிலமுடையவனுக்கும் ஆட்டைத் தவிர வேறு காப்பீடு கிடையாது.

இதன் விளைவு ஒரு வட்டமாகச் சுழன்றது. விளைச்சல் நம்பத்தகாதது, ஆகவே ஆடு பெருகியது. ஆடு பெருகியதால் குன்று மொட்டையாயிற்று. மொட்டைக் குன்றிலிருந்து விரைந்த நீர் ஓடைப்பள்ளங்களை ஆழமாக்கி, அப்பள்ளங்கள் வயல்களையே கடித்துத் தின்னத் தொடங்கின. வயல் குறைந்தது, விளைச்சல் இன்னும் குறைந்தது, ஆட்டை நம்புவது இன்னும் கூடியது. வட்டத்தின் ஓர் ஓரத்திலிருந்து தெறித்த சேறுதான் சண்டிகரின் ஏரிக்குச் சென்றது. நகரம் அந்தச் சேற்றை மட்டுமே கண்டது.

மண் அணை

நிறுவனத்தினர் வந்து குன்றில் மேய்ச்சலை நிறுத்துமாறு கேட்டபோது ஊரார் செவிசாய்க்கவில்லை. கால்நடைகளுக்கு வேறு வழி என்ன என்று கேட்டவர்களுக்கு அன்று விடை இருக்கவில்லை. தடுப்புகள் கட்டினார்கள், குழிகள் வெட்டினார்கள், கன்றுகள் நட்டார்கள்; மேய்ச்சலும் தொடர்ந்தது. வயல்களை அரித்து வந்த ஓர் ஓடைப்பள்ளத்தை நிறுத்துவதற்காக 1976இல் சிறிய மண் அணை ஒன்று கட்டப்பட்டது. அதன் நோக்கம் பாசனமன்று. பள்ளம் மேலும் முன்னேறாமல் தடுப்பதே. மழைக்காலம் முடிந்தபின் அணைக்குப் பின்னே நீர் தேங்கி நின்றது. அதைப் பற்றி முதலில் யாரும் பெரிதாக எண்ணவில்லை.

மழை ஏமாற்றிய ஒரு பருவத்தில் பயிர் வாடியது. அணையின் கீழே நிலமுடையவர்கள் அந்த நீரைக் கேட்டுப் பெற்றுப் பாய்ச்சினர். வாடிய பயிர் தேறியது. நீரின் பயனைக் கண்ணால் கண்டபின் ஊரின் பேச்சு மாறியது. அணை வேண்டும் என்று கேட்கும் நிலைக்கு அவர்கள் வந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் மேலும் சில மண் அணைகள் எழுந்தன. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியும் கிடைத்தது. அணையிலிருந்து வயல்களுக்கு நிலத்தடிக் குழாய்கள் இடப்பட்டன.

இங்கே ஒரு பொறியாளர் தம் பணி முடிந்ததாகக் கருதியிருக்கக்கூடும். உண்மையான இடர்ப்பாடு இனித்தான் தோன்றியது. அணையின் நீர் யாருக்குப் பாய்ந்ததோ அவர்களுக்கு மலையைக் காப்பதில் இப்போது அக்கறை உண்டு. ஏனெனில் மலை மொட்டையாக இருந்தால் அணை சில ஆண்டுகளில் தூர்ந்துவிடும். நீர் எட்டாத வயலுடையவருக்கும், வயலே இல்லாதவருக்கும் அந்த அக்கறை எங்கிருந்து வரும்? சிலரின் கோதுமைக்காக ஏனையோர் தம் ஆட்டை விற்கவேண்டும் என்பது அவர்கள் காதில் நியாயமாக ஒலிக்கவில்லை. மலைமேல் ஆடு மேய்ப்பவர்களுள் அவர்களே மிகுதி. ஓர் ஊரில் பத்துக் குடும்பங்கள் மேய்ச்சலைத் தொடர்ந்தாலும் குன்று மொட்டையாகவே இருக்கும்.

நீரில் அனைவருக்கும் பங்கு

இச்சிக்கலுக்குக் காணப்பட்ட தீர்வே சுகோமாஜ்ரியைப் பிற ஊர்களிலிருந்து வேறுபடுத்துகிறது. அணையில் தேங்கும் நீர் நிலத்திற்கு உரியதன்று, குடும்பத்திற்கு உரியது என்று முடிவு செய்யப்பட்டது. நிலமுள்ளவரோ இல்லாதவரோ, ஒவ்வொரு குடும்பத்திற்கும் நீரில் சமபங்கு. தம் பங்கைப் பயன்படுத்த நிலமில்லாதவர் அதைத் தேவையுள்ளவருக்கு விற்கலாம். அல்லது நீரைத் தம் முதலாகக் கொண்டு, நிலமுடையவருடன் கூட்டுச் சாகுபடி செய்து விளைச்சலில் பங்கு பெறலாம்.

நம் நாட்டின் பாசன முறைகளில் நீர் பெரும்பாலும் நிலத்தைப் பின்தொடர்ந்தே செல்கிறது. கால்வாய் எட்டும் இடத்தில் எவ்வளவு ஏக்கர் உண்டோ அவ்வளவு நீர். நிலமற்றவனுக்கு நீரில் உரிமை என்ற எண்ணமே பாசன விதிகளில் அரிது. அந்த மரபை மாற்றியது இரக்கத்தால் நேர்ந்ததன்று. நிலமற்றவனின் ஒத்துழைப்பு இல்லாமல் அணையைக் காக்க முடியாது என்னும் கண்டிப்பான கணக்கினால் நேர்ந்தது. நீரில் பங்கு பெற்ற ஒவ்வொரு குடும்பமும் பதிலுக்குக் குன்றில் மேய்ப்பதில்லை என ஒப்புக்கொண்டது. முள்வேலியோ காவலரோ தேவைப்படாத இந்த ஏற்பாட்டுக்குச் 'சமுதாய வேலி' என்ற பெயர் வழங்கலாயிற்று. விதியை மீறி ஆட்டை ஓட்டிச் செல்பவர் ஊரார் அனைவருடைய நீருக்கும் தீங்கு செய்பவர் ஆனார். அவரைத் தட்டிக் கேட்க வனக்காவலர் வரவேண்டியதில்லை.

இதை நடத்த ஒரு சங்கம் அமைந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கமாகத் தொடங்கிப் பின்னர் மலைவள மேலாண்மைச் சங்கம் என்று பதிவு பெற்றது. நீர் விடும் முறை, கட்டணம், அணை பராமரிப்பு, மீறியவர்க்குத் தண்டம் ஆகியவற்றை அதுவே முடிவு செய்தது.

வட்டம் இப்போது எதிர்த்திசையில் சுழலத் தொடங்கியது. நீர் கிடைத்ததால் ஒரு போகத்திற்குப் பதில் இரு போகம் நிச்சயமாயிற்று. தானியத்துடன் வைக்கோலும் தட்டையும் பெருகின. குன்று காக்கப்பட்டதால் புல் வளர்ந்தது. அதை அறுத்து வந்து கொட்டிலில் போட முடிந்தது. கொட்டிலில் கட்டித் தீவனமிட ஆட்டைவிட எருமை ஏற்றது. ஆடுகள் குறைந்தன, எருமைகள் கூடின, பால் விற்பனைக்குச் சென்றது, சாணம் வயலுக்குச் சென்றது. 1976இல் ஹெக்டேருக்குப் பதின்மூன்று மரங்களே இருந்த குன்றில், 1992 அளவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் எண்ணப்பட்டன. ஏரிக்கு வரும் வண்டல் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது. இதன் பெருமை முழுவதையும் ஓர் ஊருக்கே தருவது சரியாகாது. நீர்ப்பிடிப்பின் பிற பகுதிகளில் நடந்த பணிகளுக்கும் அதில் பங்குண்டு.

ஆடு குறைந்தது யாரும் தடை விதித்ததால் அன்று என்பதை இங்கே கவனிக்கவேண்டும். ஆட்டை வைத்திருப்பதைவிட எருமையை வைத்திருப்பது ஆதாயம் என்ற நிலை உண்டானதால் குறைந்தது.

புல்லின் கணக்கு

குன்றில் வளர்ந்த புற்களுள் ஒன்று பாப்பர். கயிறு திரிக்கவும், காகித ஆலைகளுக்குக் கூழாகவும் பயன்படும் நெடும்புல் இது. முன்பெல்லாம் வனத்துறை இப்புல்லை ஆண்டுதோறும் ஒப்பந்தக்காரருக்கு ஏலம் விட்டது. தம் ஊர்க் குன்றின் புல்லை அறுக்க, தம் ஊருக்குத் தொடர்பில்லாத ஒருவருக்கு ஊரார் பணம் கட்டவேண்டியிருந்தது. அவர்கள் காத்ததால் புல் செழித்தது. செழித்ததால் ஏலத்தொகை உயரும். உயர்ந்தால் அவர்களே கூடுதலாகக் கட்டவேண்டும். காத்தவனே அபராதம் செலுத்தும் இந்த விந்தையை அதிகாரிகள் உணர்ந்தது பாராட்டுக்குரியது. முந்தைய ஆண்டுகளின் சராசரி ஏலத்தொகையை அடிப்படையாகக் கொண்டு புல்லைச் சங்கத்துக்கே குத்தகைக்கு விட வனத்துறை இசைந்தது. அதற்கு மேல் விளையும் புல்லின் ஆதாயம் சங்கத்திற்கு. தீவனப் புல்லை உறுப்பினர்கள் அரிவாள் கணக்கில் ஒரு சிறு கட்டணம் செலுத்தி அறுத்துக்கொண்டனர். பாப்பர் புல் ஆலைகளுக்கு விற்கப்பட்டது. சங்கத்தின் பணம் ஊரின் பொதுப்பணிகளுக்கும் அணைப் பராமரிப்புக்கும் பயன்பட்டது. புல்லால் வந்த இவ்வருவாய்க்கு வருமான வரி விதிக்கப்படும் அளவுக்கு அது வளர்ந்தது. மொட்டைக் குன்று ஒன்று வரி விதிக்கத்தக்க சொத்தாக மாறியதை வருத்தத்துடன் சொல்வதா, பெருமையுடன் சொல்வதா என்பது கேட்பவர் எத்துறையைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்தது.

இம்முறை நாடா, புங்கா போன்ற அண்டை ஊர்களுக்கும் சென்றது. மேற்கு வங்கத்தில் மிட்னாப்பூர் மாவட்டத்து அரபாரியில் வன அதிகாரி ஒருவர் எழுபதுகளில் தொடங்கிய மற்றொரு முயற்சி, மரம் காக்கும் மக்களுக்கு மர விற்பனையில் பங்கு கொடுத்தது. இவ்விரு அனுபவங்களும் 1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கைக்குப் பின், 1990 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட கூட்டு வன மேலாண்மைச் சுற்றறிக்கைக்கு முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன. மிஸ்ரா பின்னர் அன்றைய பீகாரின் பலாமூ பகுதிக்குச் சென்று, சங்கத்தின் வருவாயை மீண்டும் மீண்டும் வளர்ச்சியிலேயே சுழலவிடும் 'சக்ரீய விகாஸ் பிரணாலி' என்ற முறையை அமைப்பதில் ஈடுபட்டார்.

பின் நிகழ்ந்தவை

சுகோமாஜ்ரியைப் பற்றிய கட்டுரைகள் பல இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. அதிகாரிகளாகப் பயிற்சி பெறுவோருக்கு இதற்குப் பிந்திய பகுதியே அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

தொண்ணூறுகளில் ஏற்பாட்டின் மூட்டுகள் தளரத் தொடங்கின. குன்றிலிருந்து வரும் வருவாய் பெரிதானபோது, அதில் வனத்துறைக்கு எவ்வளவு, சங்கத்துக்கு எவ்வளவு என்ற பிணக்கு எழுந்தது. வருவாய் ஏதுமில்லாத நாளில் செய்துகொண்ட ஒப்பந்தம், வருவாய் வந்த நாளில் நிலைக்குமா என்பது எழுத்தில் உறுதியாக்கப்பட்டிருக்கவில்லை. மரங்கள் அடர்ந்து நிழல் பரவிய இடங்களில் பாப்பர் புல் தளர்ந்தது. வெளிச்சத்தை விரும்பும் புல்லுக்கு இது இயல்பே. புல் குறைய, சங்கத்தின் கையிருப்பும் குறைந்தது. வளர்ந்து நிற்கும் கைர் போன்ற விலையுயர்ந்த மரங்களின் ஆதாயம் யாருக்கு என்ற கேள்வியும் தீராமல் இருந்தது. அண்டை ஊரான தமாலாவுக்கும் குன்றின் மேல் உரிமை உண்டாதலால் எல்லைப் பூசலும் சேர்ந்துகொண்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அணைகள் தூர்ந்தன. சிறு மண் அணை வண்டலைப் பிடிப்பதற்காகவே கட்டப்படுகிறது. அது தன் கடமையைச் சரியாகச் செய்தால் ஒருநாள் நிரம்பியே தீரும். நீர்ப்பிடிப்பு பசுமையாக இருந்தால் அந்த நாள் தள்ளிப்போகும், வராமல் போகாது. கட்டும்போது மதிப்பீட்டில் கட்டுமானச் செலவு ஒவ்வொரு கன மீட்டருக்கும் எழுதப்பட்டிருக்கும். இருபது ஆண்டு கழித்துத் தூர்வாரும் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்பது எழுதப்பட்டிராது. சங்கத்தின் வருவாய் செழித்திருந்தால் அது தாங்கியிருக்கும்; வருவாய் குன்றிய நேரத்தில் வண்டல் ஏறியது. அணைநீர் குறைந்தபோது நீர்ப்பங்கின் மதிப்பும் குறைந்தது. இளைஞர்கள் சண்டிகர், பஞ்ச்குலா நகரங்களில் வேலை தேடிச் சென்றனர். மலையை நம்பியிருந்த தேவை குறைந்தபோது, மலையைக் காக்கவேண்டும் என்ற கட்டாயமும் மெலிந்தது.

ஏரியின் கதையும் நேர்கோட்டில் செல்லவில்லை. சேறு வருவது வெகுவாகக் குறைந்தது உண்மை. 1988இல் மத்திய அரசு ஏரியைத் தேசிய ஈரநிலப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதன் பரப்பு தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கிவிட்டிருந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து வேறொரு முறையீடு எழுந்தது: ஏரிக்கு நீர் வருவதில்லை. மழை குறைந்த ஆண்டுகளில் நீர்மட்டம் வெகுவாக இறங்கியது. 2012இல் ஏரிப்படுகையின் பெரும்பகுதி தரையாகத் தெரிந்தது. காரணம் தேடியவர்கள் நீர்ப்பிடிப்பில் எழும்பிய கட்டடங்களையும், மண்ணைத் தடுக்கக் கட்டப்பட்ட ஏறக்குறைய 190 தடுப்பணைகளையும் சுட்டினர்.

இதில் முரண் எதுவும் இல்லை; ஆயினும் பலருக்கு முரணாகத் தோன்றியது. சேறும் நீரும் ஒரே ஓடையில் ஒன்றாக வருபவை. சேற்றை நிறுத்தும் புல்லும் மரமும் தடுப்பணையும் நீரையும் ஓரளவு நிறுத்தவே செய்யும். மொட்டை மலை ஏரிக்கு விரைவாக நீரைத் தந்தது, கூடவே ஏரியைத் தூர்க்கும் மண்ணையும் தந்தது. பசுமை மலை தெளிந்த நீரைத் தருகிறது, ஆனால் குறைவாகவும் மெதுவாகவும் தருகிறது; பெருமழை ஆண்டுகளில் மட்டும் ஏரி நிரம்புகிறது. 2018 செப்டம்பரில் பல ஆண்டுகளுக்குப் பின் ஏரியின் மதகுகள் திறக்கப்பட்டன. 2023 ஜூலைப் பெருமழையிலும் திறக்க வேண்டியதாயிற்று. மலைக்கு எவ்வளவு நீர், வயலுக்கு எவ்வளவு, ஏரிக்கு எவ்வளவு என்பது இயற்கை தானே தீர்த்துவைக்கும் பங்கீடு அன்று. சுகோமாஜ்ரியில் ஊருக்குள் ஒவ்வொரு குடும்பத்தின் நீர்ப்பங்கும் தீர்மானிக்கப்பட்டது. ஊருக்கும் நகரத்துக்கும் இடையிலான பங்கு ஒருபோதும் தீர்மானிக்கப்படவில்லை. நகரத்தின் ஏரியைத் தூராமல் காத்தது கிராமத்தின் கட்டுப்பாடு; அதனால் மிஞ்சிய தூர்வாரும் செலவில் ஒரு பகுதி ஆண்டுதோறும் அணைப் பராமரிப்புக்கு வந்திருந்தால் சங்கத்தின் நிலை வேறாக இருந்திருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை.

2020 மார்ச்சில் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் சுக்னா ஏரியை உயிருள்ள சட்டபூர்வமான ஆள் என்று அறிவித்து, நீர்ப்பிடிப்பில் எழுந்த கட்டடங்கள் குறித்தும் கடுமையான ஆணைகளைப் பிறப்பித்தது. ஏரிக்கு இப்போது சட்டத்தில் உரிமை உண்டு. நீர்ப்பிடிப்போ ஒரு யூனியன் பிரதேசம், இரு மாநிலங்கள் ஆகியவற்றின் எல்லைகளுக்குள் பிரிந்து கிடக்கிறது. தடுப்பணைகளில் நிறைந்துவிட்ட வண்டலை யார் வாருவது, வாரிய மண்ணை எங்கே கொட்டுவது, அணையைத் தூர்வாரிய பின் தேங்கும் நீரில் முதல் உரிமை கீழுள்ள ஏரிக்கா, அருகிலுள்ள ஊருக்கா என்ற கேள்விகளை அந்த எல்லைக் கோடுகளைக் கடந்துதான் கேட்கவேண்டியிருக்கிறது.